இடது பக்கத்து ராசி

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது; வெளியே யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவள் ‘இன்னொண்ணு’. தபால் நிலையத்தை ஒட்டிய சந்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். ஒரு படம் எடுத்து முடித்து, எதிரே இருப்பவர் அப்பாடா என்று தோளைத் தளர்த்தும் நேரம் பார்த்து, “இன்னொண்ணு” என்பாள். அதையும் எடுத்துவிட்டு, “நல்லாத்தான் வந்திருக்கு, ஆனா இன்னொண்ணு” என்பாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கூட நாலு இன்னொண்ணைத் தாண்டாமல் வாசலைத் தாண்ட முடியாது. மூன்றாவதில் அலுத்துப்போவார்கள், நாலாவதில் சிரித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் சிரிக்கக் கூடாதாம். அதனால் அந்தச் சிரிப்புப் படத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு, காசு வாங்காமல் கொடுத்தனுப்புவாள்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சுழல் நாற்காலி, பின்னால் தொங்கவிட ஒரு நீலத் துணி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிய சீப்பு. கட்டியிருந்தும் இதுவரை இரண்டு சீப்பு காணாமல் போயிருக்கின்றன, கயிற்றோடு. வாசலில் இருக்கும் போர்டில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. புதுப் போர்டு மாட்ட வேண்டும் என்று பன்னிரண்டாயிரம் சேர்த்து அலமாரியில் வைத்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இருந்த பெரிய லட்சியம் அந்தப் போர்டுதான்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை, பெரிய ஆஸ்பத்திரியில், முப்பத்தெட்டு நர்சுகளின் கண்ணெதிரே அவள் ஸ்டூலிலிருந்து விழுந்தாள்.

அந்த நர்சுகளின் குரூப் போட்டோவைப் பதினாலு வருடமாக அவள்தான் எடுக்கிறாள். வராந்தாவின் கோடியில் அகலமான படிக்கட்டு. அதில் மூன்று வரிசையாக நிற்பார்கள். நிற்பார்கள் என்று சொல்லிவிட்டேனே தவிர, நிற்பதற்கு முன்னால் ஒரு அடிதடி நடக்கும். எல்லோருக்கும் இடது பக்கம்தான் வேண்டும். அதாவது, படத்தைப் பார்க்கிறவருக்கு இடது பக்கம். இன்னொண்ணு எடுக்கும் படத்தில் இடது பக்கம் நின்றால் முகம் பளிச்சென்று வரும், பத்து வயது குறையும், அந்தப் பக்கத்துக்கு அப்படி ஒரு ராசி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு நர்சுக்கு அந்தப் படத்தைக் காட்டித்தான் கல்யாணமே முடிந்தது. வலது பக்கம் நின்ற அவளுடைய தோழிக்கு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேட்ரன் மட்டும் இந்தச் சண்டையில் கலந்துகொள்ள மாட்டார். நடுவில் அவருக்கென்று நாற்காலி போட்டிருப்பார்கள். “எனக்கு எதுக்கும்மா நாற்காலி? நான் ஓரமா நின்னுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் இடது ஓரத்தில் நின்றுகொள்வார். எவ்வளவு பெரிய பதவி, எவ்வளவு அடக்கம் என்று பதினாலு வருடமாக எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். அடிதடி முடிந்து எல்லோரும் நின்றாகிவிட்டது. ஸ்டூல் மேல் ஏறி நின்றவளுக்கு வலது ஓரத்தில் ஒரு நர்சின் பாதி முகம் வெட்டுப்பட்டது. கொஞ்சம் பின்னால் போனால் சரியாகிவிடும் என்று தோன்றியது. தரையில் நின்றிருந்தால் அது நல்ல யோசனைதான்.

லென்ஸ் முதலில் விழுந்தது, அதன் மேல் கேமரா, அதன் மேல் இவள். முப்பத்தெட்டு பேரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி நாடி பிடித்தாள், ஒருத்தி கண்ணை விரித்து டார்ச் அடித்தாள், இருவர் ஆளுக்கொரு காலை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். விழுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன புது நர்ஸ் குனிந்து, புத்தகத்தில் படித்தபடி கேட்டாள்:

“உங்க பேர் என்ன, சொல்லுங்க.”

“இன்னொண்ணு” என்றாள் இவள்.

புது நர்ஸ் கவலையோடு அட்டையில் ‘நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்’ என்று எழுதிக்கொண்டாள். மற்ற முப்பத்தேழு பேரும் சிரித்த சிரிப்பில் பிரசவ வார்டிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது.

இவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். கேமராவும் தப்பித்தது. லென்ஸ் இரண்டு துண்டு. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே ஜலஜலவென்று சத்தம் வந்தது. பதினாலு வருடம் சோறு போட்ட லென்ஸ்.

ஆஸ்பத்திரி மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ் ஸ்டாண்டுகிட்ட புதுசா ஒரு ஸ்டூடியோ வந்திருக்கு. குடை குடையா லைட்டெல்லாம் வெச்சிருக்காங்க. அவங்களைக் கூப்பிட்டுடலாமா?”

“வெள்ளிக்கிழமை நான் ரிட்டயர் ஆறேன். படத்தை அன்னிக்கே எடுத்துக்கலாம். இவளே எடுப்பா” என்றார் மேட்ரன். பிறகு இவளைப் பார்த்து, “ஆறு நாள் இருக்கு. லென்ஸ் வாங்கிடுவேல்ல?” என்று கேட்டார்.

“வாங்கிடுவேன் மேடம்” என்று தைரியமாகச் சொல்லிவிட்டாள். மேனேஜர், “முடியலைன்னா வியாழக்கிழமையே சொல்லிடுங்க, நான் அவங்களுக்குப் போன் பண்ணிடுவேன்” என்றார். ஒரு தடவை அந்தக் குடைக்காரர்கள் உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த வருடமும் அவர்கள்தான் என்பது சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவர் முதலில் முழங்கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அடுத்து அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்கப் படாத பாடுபட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளில் ஒரு படம்கூட விரல் விழாமல் எடுத்ததில்லை. ஆனால் லென்ஸ்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் போனில் லென்ஸ் வீடியோதான் பார்ப்பார். மனைவி எப்போது ஒரு லென்ஸ் வாங்குவாள் என்று பதினாலு வருடமாகக் காத்திருந்த மனிதர்.

“நீ ஒண்ணும் கவலப்படாத. நான் இருக்கேன்” என்று நோட்டை எடுத்தார். லென்ஸ்களை ஒப்பிட்டுப் பார்க்க ஏழு கட்டம் கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் முப்பத்தொரு லென்ஸ் எழுதி, இருபத்தொன்பதை அடித்துவிட்டார். மீதி இரண்டில் ஒன்று அவர்கள் வீட்டைவிட விலை அதிகம்; சும்மா பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தாராம்.

“லென்ஸுன்னா மூலையிலதான் பார்க்கணும். நடுவுல எல்லா லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். மூலைக்கு மூலை கூர்மையா இருக்கா, அதான் கேள்வி” என்றார்.

“எனக்கு ஒரே கேள்விதான். பன்னிரண்டாயிரத்துக்குள்ள வருமா?”

அந்தக் கேள்வியை அவர் நோட்டில் எழுத மறந்திருந்தார்.

திங்கள்கிழமை இருவரும், பதினாலு வருடத்துக்கு முன்னால் அவள் லென்ஸ் வாங்கிய அந்தப் பழைய கேமராக் கடைக்குப் போனார்கள். ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று அட்டை தொங்கியது. கணவர் அந்த அட்டையை நின்று பார்த்த பார்வையில் பெரிய துக்கம் இருந்தது. மேலே போனால், கடைக்காரர் ஒரு ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி ஒரு லென்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் அவருக்குக் காற்றடிக்க வேண்டும். பில்லுக்கும் அடிப்பார், வாங்கிய பணத்துக்கும் அடிப்பார்.

நோட்டில் மிஞ்சிய இன்னொரு லென்ஸ் அவரிடம் இருந்தது. ஒருவர் வாங்கி, ஆறே மாதத்தில் திருப்பிக் கொடுத்தது. விலை பதினாலாயிரம்.

“பன்னிரண்டுதான் இருக்கு” என்றாள்.

“கட்டுப்படியாகாதும்மா.”

“பன்னிரண்டு, அப்புறம் ஆளுக்கொரு பாஸ்போர்ட் படம், உங்க குடும்பத்துக்கு மொத்தமா.”

“எங்க வீட்ல யாரும் எங்கயும் போறதில்லம்மா.”

பேரம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற கணவரைக் காணோம். கால் மணி நேரம் கழித்து வெளியே டிங் என்று ஒரு சத்தம். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே கையெல்லாம் கிரீஸோடு கணவர் நின்றிருந்தார்.

“ஒரு சின்ன ஒயரு. எலி கடிச்சிருக்கு” என்றார்.

ஒன்றரை வருடமாக மூன்று மாடி ஏறி இறங்கிய கடைக்காரர் எழுந்து போய் லிஃப்டில் ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தார். இன்னொரு தடவை போய்விட்டு வந்தார். வந்தவர், “பன்னிரண்டே குடுங்க. இப்ப பணம்கூட வேணாம். எடுத்துட்டுப் போய் வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. பிடிச்சா குடுங்க” என்று சொல்லி, லென்ஸுக்கு ஒரு காற்று, கணவரின் கிரீஸ் கைக்கு ஒரு காற்று அடித்து அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கக் கணவர் செய்தித்தாளை ஒட்டினார். அதைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், இந்த மூலையில் வீடு வாடகைக்கு, அந்த மூலையில் நாய் காணவில்லை, எல்லா எழுத்தும் தெள்ளத்தெளிவு. தேடப்படும் நாயின் மீசைகூடத் தெரிந்தது. கணவர் துள்ளிக் குதித்தார். “மூலையப் பாரு! மூலையப் பாரு!” என்று அவள் கையைப் பிடித்துக் கூடத்தில் ஒரு சுற்று சுற்றினார். அவளுக்கும் தலைகால் புரியவில்லை. லென்ஸ் கிடைத்துவிட்டது, மேனேஜருக்கும் குடைக்காரர்களுக்கும் பட்டை நாமம் என்று அவளும் ஒரு சுற்று சுற்றினாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார். கணவருக்கு எட்டு வயது மூத்த அக்கா. அலங்காரம் இல்லாமல் படி இறங்க மாட்டார்.

“புது லென்ஸா? எங்கள ஒண்ணு எடு” என்று வழக்கம்போல் சோபாவில் இடது பக்கம் உட்கார்ந்தார். கணவர் வழக்கம்போல் வலது பக்கம் உட்கார்ந்தார். ஒன்று, இன்னொண்ணு, இன்னொண்ணு. பிரிண்டும் போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

நாத்தனார் படத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார்.

“தம்பி பக்கத்துல உக்காந்திருக்கிற இந்தப் பொம்பள யாரு?”

“நீங்கதான் அண்ணி.”

“நானா? கண்ணுக்குக் கீழ என்ன இது, ரெண்டு பை?”

“அது பை இல்லக்கா, அது ஒன்னோட...” என்று ஆரம்பித்த கணவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

“பழைய லென்ஸ்ல நான் இப்படியா இருந்தேன்? ஆல்பத்தை எடு!”

ஆல்பம் வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பதினாலு வருடப் படங்கள். எல்லாவற்றிலும் நாத்தனார் இடது பக்கம், மேடு பள்ளம் இல்லாத முகத்தோடு. எல்லாவற்றிலும் கணவர் வலது பக்கம், நெற்றிக் கோடு, நரைத்த முடி, முகப்பரு வடு ஒன்று விடாமல். கணவர் எழுந்து போய் அவருடைய பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படத்தின் இடது ஓரத்திலும் ஜன்னல் கம்பி மங்கல், காலண்டர் தேதி மங்கல், பூச்செடி மங்கல்.

“ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு கண்ணாடி சாஞ்சு உக்காந்திருக்கு. பதினாலு வருஷமா உன் லென்ஸ்ல ஒரு பக்கம் கோளாறு” என்றார். பிறகு மெல்ல அவருக்கு வேறொன்று உறைத்தது. “அதான் எல்லாரும் அக்காவைக் காட்டி, உங்க தங்கச்சியான்னு எங்கிட்ட கேட்டாங்களா?”

நாத்தனாருக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. கணவரும் சிரித்தார். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் முடிந்த நர்சும், வலது பக்கம் நின்று இன்னும் காத்திருக்கும் தோழியும் நினைவுக்கு வர, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்து மூச்சு வாங்கும்போதுதான் சுருக்கென்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜன்னல் இடது பக்கம். ஸ்டூடியோவிலும் விளக்கு இடது பக்கம். வெளிச்சம் நன்றாக விழுகிறது, நான் நன்றாக எடுக்கிறேன் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தாள். ஆட்கள் அவளைத் தேடி வந்தது, இன்னொண்ணு எடுத்தால்தான் முகம் அழகாக வரும் என்று சொன்னது, எல்லாம் எதற்கு?

“ஏங்க, இவ்வளவு நாளா நல்லாப் படம் எடுத்தது நானா, அந்த ஓட்டை லென்ஸா?”

கணவரின் ஏழு கட்டத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. “நீதான்” என்று சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டார். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை மேட்ரன் இடது ஓரத்தில் வந்து நிற்பார். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவரின் கடைசிப் படம். அதில் பையும் கோடுமாக வந்து, அதைச் சட்டம் போட்டு வராந்தாவில் நிரந்தரமாக மாட்டினால்? படத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்? புதன்கிழமை காலை கடை திறக்கும் முன்பே அவள் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடியில் போய் நின்றாள்.

“அண்ணே, கெட்டுப்போன லென்ஸ் இருக்கா?”

கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்தினார். “எது?”

“ஒரு பக்கம் மட்டும் மங்கலாத் தெரியணும். இடது பக்கம். முழுசா மங்கக் கூடாது. லேசா.”

“இத்தன வருஷம் கடை நடத்துறேன். நல்ல லென்ஸைக் கெட்டதுன்னு சொல்லி விலை குறைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். கெட்டதாப் பார்த்துக் குடுங்கன்னு யாரும் வந்ததில்லம்மா” என்றார். ஆனாலும் கடைக்குள் போய் ஒரு தகர டப்பாவைத் தூக்கிவந்தார். கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது, குழந்தை கடித்தது என்று பதினேழு லென்ஸ். அவள் பழைய லென்ஸின் கதையைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடக் கடவுளே, உங்க லென்ஸ் இந்த டப்பாவுல இருந்து போனதுதானே! படியில உருண்ட லென்ஸும்மா, அதான் பாதி விலைன்னு சொன்னேனே!”

“நீங்க சும்மா அடக்கமாப் பேசறீங்கன்னு நெனச்சேன்” என்றாள் அவள்.

ஒவ்வொன்றாக மாட்டி, எதிரே இருந்த அலமாரியைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கடைக்காரருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. “இது பாருங்க, ரொம்ப மோசம்!” என்று பெருமையாக எடுத்து நீட்டினார். “அட, இது அதைவிடக் கேவலம்மா!” ஒன்று நாலு பக்கமும் மங்கல். ஒன்றில் எல்லாமே பச்சை. பதினேழாவது லென்ஸ் அம்சமாக இருந்தது. நடுவில் கூர்மை, ஒரு ஓரத்தில் மட்டும் பஞ்சு மாதிரி மென்மை. விலை இரண்டாயிரம். மீதிப் பத்தாயிரத்தில் போர்டே மாட்டிவிடலாம். அதையும் வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்றைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்த அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. வீட்டுச் சுவரில் செய்தித்தாளைப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது. வாடகைக்கு வீடு பளிச்சென்று இருந்தது; நாயைத்தான் காணவில்லை. மங்கல் வலது பக்கத்தில்.

வியாழக்கிழமை மத்தியானமாகிவிட்டது. மேனேஜரிடமிருந்து போன் வந்தது. எடுத்து “எல்லாம் ரெடி சார்” என்று சொல்லிவிட்டுச் சோபாவில் சரிந்தாள். மேட்ரனை வலது பக்கம் நிற்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? உங்கள் முகத்துக்கு மங்கல்தான் நல்லது என்றா?

சாப்பிட வந்த கணவர் இரண்டு லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “வேற வழியே இல்ல. நீ தலைகீழாத் தொங்கிக்கிட்டு எடுத்தாத்தான் உண்டு” என்று சிரித்தார்.

அவள் நிமிர்ந்தாள். அவர் சிரிப்பு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நான் எதுக்குத் தொங்கணும்?” என்றாள் அவள்.

கேமராவை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். பட்டன் அடியில் போய்விட்டது. கட்டைவிரலால்தான் அமுக்க வேண்டும். அமுக்கினாள். படத்தைத் திருப்பிப் பார்த்தால், வலது பக்கம் நாய் மீசையோடு வந்துவிட்டது, இடது பக்கம் வாடகை வீடு பனிமூட்டத்தில். அன்றைக்குக் கூடத்தில் அவர்கள் போட்ட ஆட்டத்தில் நாத்தனார் மாடியிலிருந்து, “இந்த வயசுல என்னடா அங்க?” என்று கத்தினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் இரண்டு லென்ஸோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். கெட்டது கேமராவில், நல்லது பையில். கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவளை ஸ்டூலில் ஏற்றிவிட்டு, லிஃப்ட் வேலைக்குப் போடும் பெல்டை அவள் இடுப்பில் மாட்டி, அதன் கொக்கியை ஜன்னல் கம்பியில் கோத்தார். இழுத்துப் பார்த்து, “அஞ்சு பேர் வரைக்கும் தாங்கும்” என்றார். நர்சுகள் அப்போதே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இடது பக்க அடிதடி முறைப்படி நடந்து முடிந்தது. மேட்ரன் நாற்காலியைப் பார்த்து, “எனக்கு எதுக்கும்மா? நான் ஓரமா நின்னுக்கறேன்” என்று போய் நின்றார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தலைகீழாகத் திருப்பிக் கண்ணில் வைத்தாள்.

முப்பத்தெட்டு பேரும் அவளையே பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து புது நர்சின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது:

“அன்னைக்கு நான் எழுதினது சரிதானே?”

அவ்வளவுதான். படிக்கட்டே குலுங்கியது. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள், ஒருத்தியின் தொப்பி கீழே உருண்டது, மேட்ரன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கட்டைவிரல் தானாக அமுங்கியது. சிரிப்பில் ஸ்டூலும் ஆடியது. கணவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே மேட்ரன் வரிசையை விட்டு வெளியே வந்தார். ஸ்டூலுக்குக் கீழே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்த லென்ஸ்ல மங்கல் வலது பக்கமா? அதுக்குத்தான் இந்தத் திருப்பலா?”

அவள் கேமராவை மெல்ல இறக்கினாள்.

“கண் வார்டுல பதினோரு வருஷம் இருந்தவம்மா நான். எந்தப் பக்கம் மங்கல்னு முதல் வருஷமே எனக்குத் தெரியும். எதுக்கு ஓரமாப் போய் நிக்கிறேன்னு நெனச்ச? அடக்கமா?”

“தெரிஞ்சுமா மேடம் வருஷா வருஷம் என்னக் கூப்பிட்டீங்க?”

“லென்ஸையா கூப்பிட்டோம்? இந்த வராந்தாவுல தினமும் யாராவது ஒருத்தர் அழுதுட்டு நிப்பாங்க. நாங்க அத்தன பேரும் ஒண்ணாச் சேர்ந்து இங்க சிரிக்கிறது நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான். அந்தக் குடைக்காரன் வந்தா எங்களச் சிரிக்க வைப்பானா?” என்றார். பிறகு பையை எட்டிப் பார்த்தார். “நல்லது ஒண்ணு வெச்சிருக்கேல்ல? அதைப் போடு. நாளையிலேருந்து என்னை இங்க பார்க்கணும்னா அந்தப் படத்துலதான் பார்க்கணும். அது நானா இருக்கட்டும்.”

போய், பதினாலு வருடமாக யாரும் உட்காராத அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் லென்ஸை மாற்றினாள். கேமராவை நேராகப் பிடித்துக் கண்ணில் வைத்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை முப்பத்தெட்டு முகமும் சிரிப்பு அடங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நல்ல படம் எடுத்தது யார் என்ற கேள்விக்கு இதைவிட நேராக யாரும் பதில் சொல்ல முடியாது. அமுக்கினாள். கேமராவை இறக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். எல்லோரும் காத்திருந்தார்கள். வழக்கமாக வரும் அந்த வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

ஒரு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

“இன்னொண்ணு!”

வராந்தாவில் இன்று மாட்டியிருப்பது அந்த இன்னொண்ணுதான். நடு நாற்காலியில் மேட்ரன், கண்ணுக்குக் கீழே இரண்டு பை, வாயெல்லாம் பல். கெட்ட லென்ஸ் டப்பாவுக்கே திரும்பிப் போனது. கடைக்காரர் பன்னிரண்டாயிரத்துக்கும் காற்றடித்து வாங்கிக்கொண்டார். ஸ்டூடியோ போர்டில் இன்னும் பாதி எழுத்துதான் இருக்கிறது.

அடுத்த வருடம் அவள் போனபோது, இப்போது எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான் என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இடது பக்கத்துக்கு அதே அடிதடி நடந்தது. நடுவில் நாற்காலி போட்டார்கள். புது மேட்ரன் அதைப் பார்த்து, “எனக்கு எதுக்கும்மா? நான் ஓரமா நின்னுக்கறேன்” என்று சொல்லிவிட்டு இடது பக்கம் நடந்தார்.